நாற்பது வினாடிச் சோப்பு

ஒரு நிறுவனம், தான் என்ன செய்கிறது என்று தெரியாமலேயே முப்பத்தொரு வருடங்களாக அதைச் செய்துவந்திருக்கிறது என்னும் அதிர்ச்சித் தகவல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அந்த நிறுவனத்தின் மாடி அறையில் வெளியானது. அதுவரை அங்கே எல்லோரும் சோப்பு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தகவலை வெளியிட்டவர் ஓர் ஆலோசகர். கூர்முனைக் காலணி, மடியில் மெல்லிய கணினி, எதற்கும் அவசரப்படாத புன்னகை. அவர் கேட்டது சின்னக் கேள்விதான்.

"நீங்க டிஸ்க்ரீட்டா, ப்ராசஸா?"

முதலாளி பொது மேலாளரைப் பார்த்தார். பொது மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். விருந்தாளிக்குக் கொடுக்க ஒரு பெட்டி சோப்போடு வந்து கதவோரம் நின்ற டஜன், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தார்.

டஜன் என்பது அவருடைய பெயரல்ல. அவர் வெட்டுக்கூடத்தின் தலைவர். கீழே தொட்டியில் காய்ச்சி, அச்சில் ஊற்றி, இறுகிய பாளங்கள் அவர் கூடத்துக்கு வரும். அங்கே அவை கட்டிகளாக வெட்டப்பட்டு, தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு எண்ணப்படும். எண்ணி எண்ணி அவருக்கு உலகமே பன்னிரண்டால் வகுபடத் தொடங்கிவிட்டது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால் "ரெண்டரை டஜன்" என்பார். அந்தக் கல்யாணத்தில் அவருக்கு மனைவியாக வாய்த்தவர்தான் கீழே தொட்டியைக் கவனிப்பவர். எல்லோருக்கும் அவர் தொட்டியக்கா. வயதில் மூத்த பொது மேலாளருக்கும் தொட்டியக்காதான்.

"நாங்க சோப்பு, சார்," என்றார் முதலாளி.

"அது நீங்க விக்கற பொருள். நான் நீங்க யாருன்னு கேக்கறேன்."

முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. எதிர்ச்சாரியில் இருக்கும் நாற்காலி நிறுவனத்தின் வாசலில் போன மாதம் ஒரு பலகை முளைத்திருந்தது. 'நாங்கள் மாறிவிட்டோம்' என்று அதில் எழுதியிருந்தது. எதிலிருந்து எதுவாக மாறினார்கள் என்று பலகையில் இல்லை. நாற்காலிகள் பழைய நாற்காலிகளாகத்தான் வெளியே வந்தன. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் ஒரு பெரிய மென்பொருள் வாங்கி, தொழிற்சாலை முழுவதையும் அதற்குள் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார். மறுவாரமே, அவர்களுக்கு அதைச் செய்துகொடுத்த இதே ஆலோசகரை அழைத்துவிட்டார்.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மென்பொருளின் முதல் திரையில் ஒரே ஒரு கேள்வி, இரண்டு கட்டங்கள். நாற்காலி மாதிரி பாகம் பாகமாக மாட்டிச் செய்வது டிஸ்க்ரீட். டீ மாதிரி கலந்து காய்ச்சிச் செய்வது ப்ராசஸ். நாற்காலியைக் கழற்றினால் நாலு கால் திரும்பக் கிடைக்கும். டீயைக் கழற்றிப் பால் எடுக்க முடியாது. இரண்டில் ஒன்றை டிக் செய்தால்தான் இரண்டாவது திரையே திறக்கும்.

டஜனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்க ரெண்டும்தான் சார். கீழ காய்ச்சறோம், மேல வெட்டி எண்றோம்."

ஆலோசகர் அவரைக் கனிவோடு பார்த்தார். "ரெண்டும் சேர்ந்த வகையும் இருக்கு. ஆனா அதை வாங்கறவங்க, தாங்க யாருன்னு தங்களுக்கே தெளிவில்லைன்னு ஊருக்குச் சொல்றாங்க. நாற்காலிக்காரங்க ஒரே டிக்தான் போட்டாங்க."

"நமக்கும் ஒரே டிக் போதும்," என்றார் முதலாளி.

இவ்வாறாக, 'உற்பத்தித் தன்மை நிர்ணய உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், பொது மேலாளர். உறுப்பினர்களாக விற்பனை, விளம்பரம், வாகனம், வரவேற்பு ஆகிய துறைகளிலிருந்து தலா ஒருவர். சோப்பு செய்பவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று குழுவின் முதல் தீர்மானமே சொன்னது. குழு பதினொரு முறை கூடியது. ஒவ்வொரு முறையும் 'ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதிவிட்டுக் கலைந்தது. பன்னிரண்டாவது கூட்டத்துக்கு டஜனைத் தொழில்நுட்பச் சாட்சியாக அழைத்தார்கள். ஒரு டஜன் நிறைந்த கூட்டம் என்பதால் அவருக்கும் அது நல்ல சகுனமாகப் பட்டது.

"விதி என்ன? பிரிக்க முடிஞ்சா டிஸ்க்ரீட், முடியலேன்னா ப்ராசஸ்," என்றார் பொது மேலாளர். "ஒரு சோப்பைக் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு சார்."

"பிரிங்க."

டஜன் அட்டைப்பெட்டியின் வாயைத் திறந்தார். சோப்பை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த தாளை, ஓரம் கிழியாமல், ஒரே இழுப்பில் உரித்தார். முப்பத்தொரு வருடக் கை அது. மேசைமேல் ஒரு பெட்டி, ஒரு தாள், ஒரு கட்டி.

"எத்தனை பாகம்?" என்று கேட்டார் ஆலோசகர்.

"மூணு."

"மறுபடி சேக்க முடியுமா?"

டஜன் சேர்த்தார். பதினொரு வினாடி. குழு எழுந்து நின்று கைதட்டியது. வெட்டுக்கூடத்துக்காக அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை கைதட்டியதில்லை. டஜனுக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

'மேற்படி சோப்பு, குழுவின் முன்னிலையில் சேதமின்றிப் பிரிக்கப்பட்டு, சேதமின்றி மீண்டும் ஒருங்கிணைக்கப்பட்டது. ஆகவே இந்நிறுவனம் டிஸ்க்ரீட் என இதனால் அறிவிக்கப்படுகிறது' என்று குறிப்பேட்டில் ஏறியது. டஜனுக்கு 'அலகு ஒருமைப்பாட்டு அதிகாரி' என்று பதவி வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் வந்தது.

அந்த அட்டையைக் கழற்றாமலேயே அவர் வீட்டுக்குப் போனார். தொட்டியக்கா கீரையை ஆய்ந்துகொண்டே நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"ஏங்க, நீங்க பிரிச்சது சோப்பையா, அட்டையையா?"

"பிரிக்கச் சொன்னாங்க. பிரிச்சேன்."

"கட்டிக்குள்ள எண்ணெய் இருக்கு, காரநீர் இருக்கு. அதைத் தனித்தனியா எடுத்து மேசைமேல வெச்சிருக்க வேண்டியதுதானே?"

"அதை எப்படிம்மா எடுக்க முடியும்?"

"முடியாதுன்னு அங்க சொல்லியிருக்கணும்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கைதட்டிட்டாங்க. கைதட்டினதுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது?"

தொட்டியக்கா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய ஆரம்பித்தார். ஆய்ந்ததையே அவர் மறுபடி ஆய்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அது டஜனுக்குத் தெரியும், அன்று மட்டும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஆலோசகர் கணினியோடு தொட்டியறைக்கு இறங்கினார். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு தொட்டி. இரண்டு ஆள் உயரம். படியேறித்தான் கிண்ட வேண்டும். எண்ணெயும் காரநீரும் உள்ளே சேர்ந்து கொதிக்கும்போது அறையே தும்மும். காரநீர் பொல்லாதது, எண்ணெயோடு முழுசாகச் சேர்ந்து அடங்குகிற வரைக்கும் அது தோலைச் சும்மா விடாது. தொட்டியக்காவின் முன்கையில் அதன் கையெழுத்து ஏழெட்டு இடத்தில் இருந்தது.

"எண்ணெய் எத்தனை?" என்று ஆரம்பித்தார் ஆலோசகர்.

"எத்தனை லிட்டர்னு கேக்கறீங்களா?"

"லிட்டர் ப்ராசஸ்ல. இங்க எண்ணிக்கை மட்டும்தான். எத்தனை?"

"எண்ணெயை எப்படிங்க எண்றது?"

"ஒண்ணுன்னு போடட்டுமா?"

"போட்டுக்கங்க."

"காரநீர்?"

"அதுவும் ஒண்ணுதான். ஊர்ல ரெண்டாவது காரநீர் ஏது?"

"ரெண்டு பாகம். சேக்க எவ்வளவு நேரம்?"

"ஊத்த நாற்பது செகண்டு ஆகும். அதையும் சேத்து ஏழு மணி நேரம் காயணும்."

"அந்த ஏழு மணி நேரத்துல நீங்க எந்தப் பாகத்தை மாட்டறீங்க?"

"எதையும் மாட்டல. காய்ச்சறேன், கிண்டறேன்."

"மாட்டலேன்னா அது வேலைல சேராதுங்க." தட்டினார். "முடிஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"துளி எடுத்து ஆறவிட்டு நாக்கு நுனில வெப்பேன். சுள்ளுன்னா இன்னும் ஆகலை. சப்புன்னு இருந்தா ஆயிடுச்சு."

ஆலோசகரின் விரல் நின்றது. "அந்த நாக்கு எந்தத் துறையோட சொத்து?"

"என்னது?"

"அளவெடுக்கற கருவி எதுவா இருந்தாலும் சொத்து எண் வேணும். வருஷா வருஷம் சரிபார்த்த சான்றிதழும் வேணும்."

"என் நாக்கைச் சரிபண்ண ஒருத்தர் முப்பது வருஷமாப் பாக்கறாரு. அவராலயே முடியல," என்றார் தொட்டியக்கா. பக்கத்தில் நின்ற டஜன் அவசரமாகக் கழுத்து அட்டையை நேர்செய்துகொண்டார்.

பத்து நாளில் முதல் அறிக்கை வெளியே வந்தது. வெட்டுக்கூடம் பச்சை. தாள் சுற்றும் இடம் பச்சை. தொட்டியறை மட்டும் சிவப்பு. மறுநாள் தொட்டியக்காவின் கைக்கு ஓர் உறை வந்தது. 'தாங்கள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது வினாடி செயலற்று நின்றுவருவது இந்நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. மூன்று நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கத் தவறினால், தாங்கள் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவுக்கு மாற்றப்படுவதுடன், தொட்டியானது நாற்பது வினாடியில் பணி முடிக்க வல்ல வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும்.'

தொட்டியக்கா அன்றே விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே வரி: 'ஏழு மணி நேரம் காயாத சோப்பு மனுசத் தோலைத் தின்னும்.'

குழு அதை ஆழ்ந்து பரிசீலித்தது. மனுசத் தோல் என்பது பாகப் பட்டியலில் இல்லாத பொருள் என்பதால், விளக்கம் பொருத்தமற்றது என்று திருப்பி அனுப்பியது.

இப்போதுதான் டஜனுக்கு விபரீதம் உறைத்தது. தொட்டி போனால் அவளுக்குக் கையே போன மாதிரி என்று அவருக்குத் தெரியும். அட்டைப்பெட்டி மடிப்பது கேவலமான வேலையில்லை, ஆனால் அது அவளுடைய வேலையில்லை. அதைவிட, அந்த நாற்பது வினாடிச் சோப்பை வாங்கிக் குளிக்கப்போகிறவர்களை நினைத்தால் பகீரென்றது. நேராக மாடிக்குப் போனார்.

"சார், நாம டிஸ்க்ரீட் இல்ல. தப்பு நடந்துபோச்சு."

"நீங்கதானே பிரிச்சுக் காட்டினீங்க?" என்றார் பொது மேலாளர்.

"நான் பிரிச்சது அட்டையைத்தான் சார். சோப்பை இல்ல."

"அப்போ உயர்மட்டக் குழுவை ஏமாத்தியிருக்கீங்க?"

"ஐயோ, இல்ல சார்."

"ஏமாத்தலேன்னா சோப்பைத்தான் பிரிச்சிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு எழுதிக் கொடுங்க."

டஜன் இரண்டையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆலோசகர் அவர்மேல் இரக்கப்பட்டு, கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"ப்ராசஸ்னு மாத்தலாம், கஷ்டமே இல்ல. ஆனா ப்ராசஸ்ல வெட்டறதுன்னு ஒரு வேலையே கிடையாது. எல்லாம் எடைதான். தொட்டியை விட்டு வெளிய வந்த சரக்கை யாராவது தொட்டா, அது கசிவுன்னு பதிவாகும். உங்க கூடத்துல எத்தனை பேர்?"

"நாலரை டஜன்."

"நாலரை டஜன் கசிவு. நீங்க தலைமைக் கசிவு."

ஆக, ஒரு பக்கம் டிக் போட்டால் மனைவி சும்மா நிற்கிறாள். மறுபக்கம் போட்டால் கணவன் கசிகிறான். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் தேற முடியும் என்று மென்பொருள் முடிவு செய்திருந்தது. டஜன் படியிறங்கும்போது அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார். கீழ்ப்படியில் அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில்தான் அவர் கண்ணில் அந்தப் பொத்தான் பட்டது. தொட்டியறைச் சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். அதன் அடியில் பச்சையாக ஒரு பொத்தான். 'முடிந்தது' என்று அதில் எழுதியிருந்தது. தொட்டியக்கா எண்ணெயையும் காரநீரையும் ஊற்றினார். டஜன் நாற்பது வரை எண்ணினார், அழுத்தினார். திரை பச்சையானது. தொட்டி பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"நீ பாட்டுக்கு உன் ஏழு மணி நேரம் காய்ச்சு. இதை நான் பாத்துக்கறேன்."

"அப்போ பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய்னா ஒரு ஆள் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். இது பெட்டிம்மா. இதுல எழுதறது பொய் இல்ல, பதிவு."

நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. தொட்டியறையின் செயல்திறன் நூற்றுக்கு நூறு. டஜன் ஒரு வாரம் தலைகால் புரியாமல் நடந்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. தொட்டியக்காவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

விஷயம் கமுக்கமாகப் பரவியது. எடை போடுகிறவர் போடுவதற்கு முன்பே முடித்தார். லாரி ஓட்டுநர் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்தார். பொது மேலாளர் கூடாத கூட்டங்களின் தீர்மானங்களை முடித்தார். மூன்று மாதத்தில் அந்த நிறுவனத்தின் வேலை அத்தனையும் காலை ஒன்பதேகாலுக்கு முடிந்துவிடும். அதன் பிறகு எல்லோரும் வேலை செய்ய ஆரம்பிப்பார்கள். திரைகள் வயல்வெளி மாதிரி பச்சையாக இருந்தன. முதலாளிக்குச் சோறு இறங்கியது.

மென்பொருள்காரர்கள் ஒரு விருது அறிவித்தார்கள். 'மாற்றத்தின் சிகரம்' என்று பெயர். அவர்களிடம் மென்பொருள் வாங்கியவர்களில் மிகவும் பச்சையாக இருப்பவருக்கு அது. வரும் வெள்ளிக்கிழமை, தொழிற்சாலை முற்றத்திலேயே விழா. வந்தவர்களுக்கெல்லாம் 'விருதுச் சிறப்புச் சோப்பு' கொடுக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார்.

"நாலு தொட்டி சரக்கு வேணும். எப்போ ஆகும்?" என்று கேட்டார்.

பொது மேலாளர் திரையைப் பார்த்தார். "நூத்தி அறுபது செகண்டுல ஆயிடும் சார்."

அன்று மதியம் தொட்டியக்காவுக்கு இரண்டாவது உறை வந்தது. இது பதவி உயர்வு. 'நாற்பது வினாடியில் தொடர்ந்து பணி முடித்து வரும் தங்களின் அரிய திறமையைப் பாராட்டி, தங்களை முதன்மைப் பயிற்றுநராக நியமிப்பதில் நிர்வாகம் பெருமகிழ்ச்சி கொள்கிறது. தாங்கள் உடனடியாக மாடிக்கு வந்து, நாற்பதை முப்பதாகக் குறைப்பது எப்படி என்று மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது.'

பொது மேலாளரே நேரில் இறங்கி வந்து வாழ்த்தினார். தொட்டியக்கா படியிலிருந்து இறங்கவில்லை.

"தொட்டியை விட்டுட்டு நான் வரமாட்டேன் சார்."

"தொட்டில உங்களுக்கு என்னக்கா வேலை? நாற்பது செகண்டுல முடிஞ்சிடுதே. சிஸ்டத்துல தினமும் பாக்கறேனே."

"சிஸ்டத்துல முடியுது. தொட்டில முடியல. ஏழு மணி நேரம் ஆகுது. இவரைக் கேளுங்க."

எல்லோரும் டஜனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மூன்று மாதப் பச்சையும் அவர் தலையில் விடியும். விருது போகும், கழுத்து அட்டை போகும், பொய்ப்பதிவு என்று விசாரணை வரும். இவளைக் காப்பாற்றத்தானே அழுத்தினேன் என்று மனசுக்குள் ஒரு குரல் கத்தியது.

"என்ன, நாற்பதுதானே?" என்றார் பொது மேலாளர்.

"ஆமா சார்," என்றார் டஜன். "நாற்பதுதான்."

தொட்டியக்கா அவரை ஒரு முறை பார்த்தார். கிண்டும் துடுப்பைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வெட்கம் என்றால் என்ன என்று டஜனுக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. அப்போதும் அவர் கழுத்து அட்டையைக் கழற்றவில்லை.

தொட்டிக்கு வேறோர் ஆள் வந்தார்; நாலு தொட்டிச் சரக்கும் ஊற்றிய நாற்பதாவது வினாடியிலேயே எடுக்கப்பட்டது. பாளங்கள் வெட்டுக்கூடத்துக்கு வந்தபோது கத்தியில் பசை மாதிரி ஒட்டின. வெட்டினவர்கள் விரலை உதறினார்கள். டஜன் திரையைப் பார்த்தார். 'இணைப்பு: முடிந்தது. தரம்: முழுமை' என்று இருந்தது. கட்டிகளை எண்ணினார். டஜன் டஜனாகச் சரியாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்கு மனம் அடங்கிவிடும், அன்றும் அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் சிறப்புச் சோப்பில் குளித்துவிட்டு வரவேண்டும் என்று சுற்றறிக்கை. டஜன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குக் கிளம்பினார்.

"அந்தச் சோப்பைத் தொடாதீங்க," என்றார் தொட்டியக்கா. மூன்று நாளில் அவர் கணவனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

டஜன் போனை எடுத்துத் திரையைத் தடவிப் பார்த்தார். "பச்சையா இருக்கேம்மா. தரம் முழுமைன்னு போட்டிருக்கு."

தொட்டியக்கா வீட்டில் மிச்சமிருந்த பழைய தேய்ந்த கட்டியில் குளித்துவிட்டு வந்தார்.

விழா பதினொரு மணிக்குத் தொடங்கியது. பதினொன்று பத்துக்கு முதலாளி வரவேற்புரையின் நடுவே கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பொது மேலாளர் நாற்காலியின் முதுகில் தன் முதுகை மெல்ல உரசிக்கொண்டார். ஆலோசகர் ஒரு காலணியின் கூர்முனையால் மறுகாலைத் தேய்த்தபடி ஒலிவாங்கியைப் பிடித்து, "மூணு மாசத்துல புகார் பூஜ்யம்!" என்று முழங்கினார். உண்மைதான். புகார்த் திரையில் இரண்டே கட்டங்கள் இருந்தன: 'பாகம் காணவில்லை', 'பாகம் உடைந்தது'. எரிச்சல் இரண்டிலும் சேராது.

கீழே உட்கார்ந்திருந்த கூட்டம் நெளிந்தது. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பச்சையான சோப்பைக் குறை சொல்லி முதல் ஆளாக எழுந்து நிற்க யாருக்கும் துணிவில்லை.

விருதை வாங்கத் தொட்டியக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் கேடயத்தைக் கையில் வாங்கவில்லை.

"இது எனக்கு வேணாங்க. நான் ஏழு மணி நேரம் காய்ச்சறவ. நாற்பது செகண்டு சோப்பு நான் காய்ச்சினதில்ல. அது உங்க உடம்புல இப்போ என்ன பண்ணுதுன்னு உங்களுக்கே தெரியும்."

என்ன அடக்கம் என்று முதலாளி நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். கூட்டம் முழுவதும் கைதட்டியது. கைதட்டல் நிற்கவே இல்லை. தட்டும்போது உள்ளங்கை அரிப்பு கொஞ்சம் அடங்கியது.

விழா முடிந்ததும் முதலாளி தொட்டியக்காவைத் தனியாகப் படிக்கட்டுப் பக்கம் அழைத்தார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு மட்டும் ஏழு மணி நேரம் காய்ச்சின கட்டி ஒண்ணு கிடைக்குமா? வீட்டுல குழந்தைங்க இருக்கு."

"கிடைக்கும் சார்." தொட்டியக்கா பயிற்சி அறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் எடுத்துக் கொடுத்தார். "நாற்பது செகண்டு சோப்பு எரியுதுன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மறுநிமிஷம் கீழ இறங்கி அடுப்பைப் பத்த வெக்கறேன்."

முதலாளி தாளைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவோடு போய்விட்டார். அடுத்துப் பொது மேலாளர் வந்தார், அதே படிக்கட்டு, அதே ரகசியம். அவருக்கும் ஒரு தாள், ஒரு பேனா. ஆலோசகர் தனக்கு இரண்டு கட்டி வேண்டும் என்று கேட்டார். மாலை நாலு மணிக்குள் உயர்மட்டக் குழு மொத்தமும் படிக்கட்டுக்கு வந்து போய்விட்டது. திங்கட்கிழமை வந்தது, செவ்வாய் வந்தது. கடைகளுக்கு நாற்பது வினாடிச் சோப்பு லாரி லாரியாகப் போனது. எழுதிய தாள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

செவ்வாய் மாலை டஜன் வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். தோளெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"நீங்களே அழுத்தின பொத்தான்," என்றார் தொட்டியக்கா. "அது பொய்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நீங்களுமா அதுல குளிப்பீங்க?"

"அழுத்தினது நான்தான்," என்றார் டஜன். "ஆனா பச்சையா வந்ததும் நம்பிட்டேன்மா."

தொட்டியக்கா எழுந்து போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டார். பிறகு ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்களாவது எழுதுங்க. ஒரு வரி போதும். நாளைக்குக் காலைல தொட்டி என் கைக்கு வந்துடும்."

டஜன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். தாளைத் தொடையில் நேராக வைத்தார். 'நான்' என்று எழுதினார். அதற்கு மேல் அட்டை, பதவி, விசாரணை, நாலரை டஜன் பேர், எழுந்து நின்று கைதட்டிய குழு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டன. அந்த நேரம் பார்த்து முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில், அரிப்பு கொளுத்தியெடுத்தது. பேனாவைத் திருப்பிப் பிடித்தார். அதன் பின்முனையை முதுகுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொறிய ஆரம்பித்தார்.

"சொறிஞ்சு முடிச்சதும் பேனாவை மறக்காம என்கிட்ட கொடுத்துடுங்க," என்றார் தொட்டியக்கா. "முதலாளி கொண்டுபோனதே இன்னும் திரும்பி வரல."